ஒப்புமையும் உறவும்

ஒலியால் ஒத்த இரு சொற்கள் உறவுடையனவாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. சொல்லாராய்ச்சியில் ஈடுபட்டோர் அனைவரும் அறிந்த எச்சரிக்கை இது. இதே ஐயம் உயிரியலாளரையும் வாட்டியது. அவர்கள் அதற்கு விடை தேடிய வரலாறு நாமும் அறியத்தக்கது.

புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்களால் கோத்த மாலை. ஒவ்வொன்றையும் ஓர் எழுத்தாகக் கொண்டால் புரதம் ஒரு நீண்ட சொல்லாகும். பரிணாமத்தில் அதன் எழுத்துகள் சில திரியும், சில கெடும், சில புதிதாகத் தோன்றும். நம் இலக்கணம் கூறும் மூவகை விகாரமும் அங்கே உண்டு. எனவே இரு புரதங்களை ஒப்பிட வேண்டுமாயின், எங்கெங்கே இடைவெளி விட்டு எழுத்துகளை நேர்ப்படுத்துவது என்பதே முதற்சிக்கல்.

1970இல் சால் நீடில்மனும் கிறிஸ்டியன் வுன்ஷும் ஒரு வழி கண்டனர். திமிங்கிலத்தின் மயோகுளோபினில் 153 எழுத்துகள். மனித ஹீமோகுளோபினின் பீட்டா தொடரில் 146. இவற்றை நேர்ப்படுத்தும் வழிகளின் எண்ணிக்கையை எழுதினால் எண்பதுக்கும் மேற்பட்ட இலக்கங்கள் வரும். அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தல் இயலாது. ஆனால் சிறு பகுதிகளின் சிறந்த பொருத்தத்திலிருந்தே பெரும்பகுதியின் சிறந்த பொருத்தத்தைக் கட்டலாம். அப்போது 22,338 கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணையே போதும்.

சிறந்த பொருத்தம் கிடைத்துவிட்டால் உறவு உறுதியாகிவிடுமா? அவர்கள் அங்கே நிற்கவில்லை. எழுத்துகளைக் குலுக்கிப் போட்டும் ஒப்பிட்டனர். குலுக்கிய தொடர்களும் அதே அளவு பொருந்தினால், கண்ட ஒப்புமை தற்செயலே. மயோகுளோபினும் ஹீமோகுளோபினும் அச்சோதனையில் தேறின. உடன் ஆராய்ந்த ரைபோநியூக்ளியேஸ், லைசோசைம் இணை தேறவில்லை.

முழுத்தொடரும் ஒவ்வாதபோது ஒத்த பகுதியை மட்டும் கண்டெடுக்கும் முறையை 1981இல் டெம்பிள் ஸ்மித்தும் மைக்கேல் வாட்டர்மனும் தந்தனர். தொடர்களை ஒப்பிடுவதன் பயன் 1983இல் உலகுக்குப் புலப்பட்டது. குரங்குப் புற்றுநோய் வைரஸ் ஒன்றின் மரபணு தரும் புரதம், உடலின் இயல்பான வளர்ச்சிக்காரணி ஒன்றை ஒத்திருந்தது. புற்றுநோய் வளர்ச்சியின் ஆணையையே களவாடுகிறது என்ற எண்ணம் வலுப்பெற்றது.

தரவுத்தளங்கள் பெருகவே அட்டவணை முறையும் மந்தமாயிற்று. 1990இல் வந்த பிளாஸ்ட், முதலில் சிறு ஒப்புமைகளைப் பிடித்து அவற்றையே இருபுறமும் நீட்டியது. விரைவுக்காக, சிறந்த பொருத்தம் தவறாது கிடைக்கும் என்ற உறுதியை அது விட்டுக்கொடுத்தது. ஆயினும் இவ்வளவு ஒப்புமை தற்செயலாக எத்தனை முறை நேரக்கூடும் என்ற கணிப்பை அது கைவிடவில்லை. ஒவ்வொரு விடையுடனும் தந்தது.

ஒலியொப்புமை ஒன்றையே சான்றாக்கி உலகமொழிகளுக்கெல்லாம் உறவு கற்பிக்கும் நம் ஆர்வலர், தம் சொற்பட்டியலை ஒருமுறை குலுக்கிப் பார்த்தால் நலம்.