தன்னார்வக் குழுக்களுக்கு ஏற்ற இலவச காணொலிச் செயலி: தேர்வு செய்வது எப்படி?

விதை சேகரிப்புக் குழு, ஏரி பராமரிப்புக் குழு, உழவர் ஆர்வலர் குழு எனக் கிராமங்களில் இயங்கும் பல குழுக்களுக்குத் தனி அலுவலகமோ சம்பளத்துக்கு ஆளோ கிடையாது. உறுப்பினர்கள் நான்கைந்து ஊர்களில் இருப்பார்கள். நடவு, அறுவடை நேரங்களில் எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டுவது கடினம். அப்போது காணொலிக் கூட்டம் கைகொடுக்கும். இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை, இலவசச் செயலிகளே போதும்.

ஆனால், குழுவில் நல்ல கைபேசி வைத்திருப்பவருக்கு எது வசதி என்று பார்த்துச் செயலியைத் தேர்வு செய்யாதீர்கள். பழைய கைபேசியும் குறைந்த சிக்னலும் உள்ள உறுப்பினரால் எதில் சேர முடியும் என்று பாருங்கள். விதை எவ்வளவு வாங்குவது, பொது இயந்திரத்துக்கு என்ன வாடகை என்பதை அவர் காதில் விழாமல் முடிவு செய்தால், பின்னர் அது மனக்கசப்பில் முடியும்.

முதலில் கேட்டறிய வேண்டியவை

• எத்தனை பேர் சேர்வார்கள்? கூட்டம் எவ்வளவு நேரம் நடக்கும்?
• எத்தனை பேரிடம் சாதாரண பட்டன் கைபேசி மட்டும் உள்ளது?
• யாருக்கு வீட்டில் சிக்னல் கிடைக்காது?

எந்தச் செயலி எதற்கு ஏற்றது?

வாட்ஸ்அப்: ஓர் அழைப்பில் 32 பேர் வரை பேசலாம். கூட்டுப் பண்ணையத் திட்டத்தின் உழவர் ஆர்வலர் குழுவில் 20 பேர் என்பதால் இதுவே போதுமானது. பெரும்பாலான கைபேசிகளில் ஏற்கெனவே இருப்பதால் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

கூகுள் மீட்: இலவசக் கணக்கில் 100 பேர், 60 நிமிடம். ஐந்து ஆர்வலர் குழுக்கள் சேர்ந்த உழவர் உற்பத்தியாளர் குழுவில் உறுப்பினர்களே 100 பேர். எல்லோரும் தனித்தனிக் கைபேசியில் வந்தால் வேளாண் அலுவலருக்கு இடம் இருக்காது.

ஜூம்: இதிலும் 100 பேர்தான், ஆனால் 40 நிமிடத்தில் இணைப்பு முடிந்துவிடும். சுருக்கமான கூட்டத்துக்கு ஏற்றது.

ஜிட்சி மீட்: திறந்தமூல மென்பொருள். 40, 60 நிமிடம் என்ற கட்டுப்பாடு இல்லை. கூட்டத்தைத் தொடங்குபவர் மட்டும் கூகுள் போன்ற ஒரு கணக்கில் நுழைந்தால் போதும்.

இந்த வரம்புகள் மாறக்கூடியவை. பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்த ஸ்கைப் 2025 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. எனவே, உறுப்பினர் பட்டியலையும் தீர்மானங்களையும் குழுவின் நோட்டிலும் எழுதி வையுங்கள்.

டேட்டாவை மிச்சப்படுத்த

படத்துடன் ஒரு மணி நேரம் பேசினால் அரை ஜிபிக்கு மேல் செலவாகலாம். குரல் மட்டும் என்றால் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. உங்கள் கேமராவை மட்டும் அணைத்தால் போதாது. மற்றவர்களின் படம் உங்களுக்கு வந்துகொண்டே இருக்கும். பேசுபவர் தவிர அனைவரும் கேமராவை அணைப்பது நல்லது. பட்டன் கைபேசி வைத்திருப்பவர்களும் சிக்னல் இல்லாதவர்களும் பக்கத்து உறுப்பினர் வீட்டில் சேர்ந்து அமர்ந்து ஒரே கைபேசியில் கேட்கலாம்.

பூச்சி, நோயைக் காட்டும்போது

காணொலி அழைப்பில் படம் தெளிவு குறைந்தே வரும். மக்காச்சோளப் படைப்புழுவை அதன் தலையில் உள்ள தலைகீழ் 'ஒய்' வடிவக் கோட்டையும், வால் பகுதியில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளையும் வைத்து அடையாளம் காண்கிறோம். அழைப்பில் இவை தெரியாமல் போகலாம். எனவே, பகல் வெளிச்சத்தில் புழுவையும் பாதித்த இலையையும் நெருக்கமாகப் படம் எடுத்து முதலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் தெளிவு குறையாது. படத்தைப் பார்த்த பிறகு பேசினால், தவறான மருந்தை வாங்கித் தெளிக்கும் செலவு மிச்சமாகும்.

பாதுகாப்பு

கூட்ட இணைப்பைக் குழுவுக்குள் மட்டும் அனுப்புங்கள். மானியம் தருவதாகவோ வங்கியிலிருந்து பேசுவதாகவோ சொல்லி யாராவது அழைத்து, உங்கள் கைபேசித் திரையைப் பகிரச் சொன்னால் உடனே துண்டித்துவிடுங்கள். அப்படிப் பகிர்ந்தால் உங்களுக்கு வரும் ஓடிபி எண்ணை அவர்கள் பார்த்துவிடுவார்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

தொடங்கும் முன்

தேர்ந்தெடுத்த செயலியில் பத்து நிமிடம் ஒத்திகை பாருங்கள். சிக்னல் குறைந்த ஊரில் இருப்பவரை முதலில் பேசச் சொல்லுங்கள். அவர் குரல் எல்லோருக்கும் கேட்டால் அந்தச் செயலியையே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் தீர்மானங்களை இரண்டு நிமிடக் குரல் பதிவாகக் குழுவில் போடுங்கள். வர முடியாதவர்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள்.