சின்ன கம்பெனியில சேர்ந்தா பெரிய கம்பெனிக்குப் போயிரலாமா?

போன மாசம் மார்க்கையன்கோட்டைக்குப் போயிருந்தபோது சித்தப்பா மகன் வீட்டுக்கு வந்தான். அவன் பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான், பிசிக்ஸ், மேத்ஸ் ரெண்டிலும் நல்ல மார்க். பைலட் ஆகணுமாம். "அண்ணே, சென்னையில ஒரு கன்சல்டன்ட் சொல்றாரு. லைசென்ஸ் எடுத்துட்டு முதல்ல சின்ன ஊருக்குப் போற கம்பெனியில சேர்ந்திடணுமாம். ரெண்டு வருஷத்துல பெரிய கம்பெனிக்காரன் கூப்பிட்டு எடுத்துக்குவானாம். ஆத்துப் பக்கத்து வயலை அடமானம் வெச்சா பணம் தேறும். வைக்கலாமா?"

எனக்குத் தெரிந்தது சாஃப்ட்வேர். விமானத்தைப் பற்றி வாசிப்பது பொழுதுபோக்கு. ஆனால் பெரியாறு தண்ணியில ரெண்டு போகம் விளையுற வயல் சம்பந்தப்பட்ட கேள்வி என்பதால் கொஞ்சம் ஒழுங்காகவே தேடினேன். தேடியதில் புரிந்தது: கன்சல்டன்ட் சொல்லும் ஏணி நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அது அமெரிக்காவில் இருக்கிறது.

அங்கே ரீஜனல் ஏர்லைன் என்பது தனி அடுக்கு. அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு என்வாய், பீட்மான்ட், பிஎஸ்ஏ என்று மூன்று துணை கம்பெனிகள். அதில் சேர்ந்த பைலட் வரிசைப்படி தாய்க் கம்பெனிக்கு ஏற ஒப்பந்தமே உண்டு. எல்லாமே சீனியாரிட்டி நம்பர்தான். எந்த விமானம், எந்த ஊர், எப்போது லீவு, எப்போது கேப்டன் என்று எல்லாவற்றையும் சேர்ந்த தேதிதான் தீர்மானிக்கும். வேறு கம்பெனிக்குத் தாவினால் திரும்ப வரிசையின் கடைசி. நம்ம தொழிலில் கம்பெனி மாறினால் சம்பளம் ஏறும், அங்கே மாறினால் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம்.

அந்த அடுக்கின் மோசமான பக்கம் 2009 பிப்ரவரியில்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது. கோல்கன் ஏர் 3407 பஃபலோ அருகே விழுந்து 50 பேர் இறந்தார்கள். டிக்கெட்டில் கான்டினென்டல் பெயர், ஓட்டியது ரீஜனல் கம்பெனி. விசாரணையில் பைலட்களின் களைப்பு, பயிற்சி, சம்பளம் எல்லாம் வெளியே வந்தது. அதன் பிறகு 2013லிருந்து துணை பைலட்டுக்கே 1500 மணி நேர அனுபவம் (சில விலக்குகளுடன்) கட்டாயமானது. இதில் ஒரு வினோதம், விழுந்த விமானத்தின் பைலட்கள் இருவருமே அந்த 1500ஐ ஏற்கெனவே தாண்டியவர்கள்.

இந்தியாவில் கணக்கு வேறு. இங்கே 200 மணி நேரம் பறந்தால் கமர்ஷியல் லைசென்ஸ். அதற்கு மேல் குறிப்பிட்ட ரக விமானத்துக்கான டைப் ரேட்டிங் எடுத்தால், நேராக ஏர்பஸ் 320லேயே துணை பைலட் ஆகலாம். நடுவில் சின்ன கம்பெனி என்ற படி சட்டப்படி தேவையே இல்லை. 1500 மணி நேரம் கேட்பது ஏடிபிஎல் என்ற மேல் லைசென்ஸுக்கு. கேப்டன் ஆக அதுதான் வாசல்.

அப்படியானால் நம் ஊரில் சின்ன கம்பெனிகள் என்னதான் செய்தன? கதை கொஞ்சம் பழசு. 1932 அக்டோபரில் டாடாவின் தபால் விமானம் கராச்சியிலிருந்து கிளம்பியபோது பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாடாவும், அங்கிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸ் வரை நெவில் வின்சென்ட்டும் ஓட்டினார்கள். வின்சென்ட் பிரிட்டிஷ் விமானப்படையிலிருந்து வந்தவர், டாடா சொந்த ஆசையில் லைசென்ஸ் எடுத்தவர். அடுத்த தலைமுறை பைலட்களில் பலரும் விமானப்படை, இல்லாவிட்டால் ஃப்ளையிங் கிளப். சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களில் டெக்கான் ஏர்வேஸ், கலிங்கா ஏர்லைன்ஸ் (பிஜு பட்நாயக்குடையது) என்று பல கம்பெனிகள் முளைத்தன. 1953ல் நாட்டுடைமை வந்து எட்டு கம்பெனிகள் சேர்ந்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆனது. அதோடு ஏணி என்று ஒன்றே இல்லாமல் போனது. உள்ளே நுழைந்தவர் சின்ன விமானத்தில் ஆரம்பித்து அதே கூரைக்குள் பெரிய விமானத்துக்கு ஏறினார். நுழைய முடியாதவர் வெளியே நின்றார், அவ்வளவுதான்.

1981 ஜனவரியில் வாயுதூத் வந்தது. இந்தியன் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி, வடகிழக்கு மாநிலங்களுக்காக. பிறகு நம் பக்கமும் தஞ்சாவூர், நெய்வேலி என்று இறங்கியது. கான்பூரில் எச்ஏஎல் தயாரித்த டோர்னியர் 228, சுமார் 19 பேர் உட்காரலாம். பெரிய கம்பெனிக்கான பயிற்சிக் கூடமாக இது ஆகியிருக்கலாம். நஷ்டம் விடவில்லை. 1993ல் இந்தியன் ஏர்லைன்ஸோடு சேர்க்க முடிவானது. சேர்ந்ததும் வந்த முதல் கேள்வி, வாயுதூத்தில் வேலை பார்த்த வருஷங்கள் சீனியாரிட்டியில் சேருமா? அதிகாரிகள் தொடர்பான அந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. விமானத்தை இணைப்பது சுலபம், ஆட்களின் வரிசையை இணைப்பதுதான் கஷ்டம். 2007ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைந்தபோதும் இதே கதை. புது போயிங் 787 பயிற்சி யாருக்கு என்ற தகராறில் 2012ல் ஏர் இந்தியா பைலட்கள் ஏறத்தாழ ரெண்டு மாசம் வேலைக்கு வரவில்லை.

தனியார் காலம் நம்ம தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நெருக்கமானது. சென்னையில் காற்றாலை கம்பெனி நடத்திய என்இபிசி, ஃபோக்கர் விமானங்களை வைத்து இறங்கியது. 1993ல் திறந்த சேலம் விமான நிலையத்துக்கு வந்தது அவர்கள்தான். 1995ல் தமானியா கம்பெனியையும் வாங்கினார்கள். 1997ல் எல்லாம் தரையில். 2005ல் மதுரை ஜவுளிக் குடும்பத்தைச் சேர்ந்த எம். தியாகராஜனின் பாரமவுன்ட் ஏர்வேஸ். முழுக்க பிசினஸ் கிளாஸ், எம்பரேர் 170, 175 ஜெட்கள். தேனி, கம்பத்துக்காரர்கள் பஸ் ஏறிப் போய் மதுரையில் ஆச்சரியமாகப் பார்த்த விமானம் அது. 2010ல் குத்தகைக்குக் கொடுத்தவர்கள் விமானங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள, அதுவும் போச்சு. கோயம்புத்தூரின் ஏர் கார்னிவல் 2016ல் பறந்தது, 2017லேயே இறங்கியது.

பாரமவுன்ட் விஷயத்தில் நான் கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். அப்போது இந்தியாவில் அந்த ரக எம்பரேரை ஓட்டிய ஒரே ஏர்லைன் அதுதான். அங்கே டைப் ரேட்டிங் எடுத்த பைலட், கம்பெனி மூடிய மறுநாள் கையில் என்ன வைத்திருப்பார்? பறந்த மணி நேரம் இருக்கும், அதை யாரும் பிடுங்க முடியாது. லைசென்ஸ் இருக்கும். ஆனால் அந்த ரேட்டிங்குக்கு உள்நாட்டில் வேலை இல்லை, சீனியாரிட்டியும் காற்றில். ஒரே ஒரு கம்பெனி மட்டும் பயன்படுத்தும் புரோகிராமிங் மொழியைப் பத்து வருஷம் கற்ற மாதிரி. நமக்கு ரெண்டு மாசத்தில் வேறு மொழி படிக்கலாம், அவர்களுக்கு இன்னொரு ரேட்டிங் என்றால் பல லட்சம்.

இப்போது உடான். 2017 ஏப்ரலில் சிம்லா–டெல்லி ஏடிஆர் 42ல் முதல் பயணம். ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஆரம்பத்தில் 2500 ரூபாய் உச்சவரம்பு, அதில் விழும் துண்டுக்கு மானியம். மானியமும் தனி உரிமையும் மூன்று வருஷத்துக்கு. 2018ல் ட்ரூஜெட் சென்னை–சேலம் ஓட்டியது இந்தத் திட்டத்தில்தான். 2021ல் நின்றது, கம்பெனியும் பிறகு படுத்துவிட்டது. 2023ல்தான் சேலத்துக்குத் திரும்ப விமானம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 மணி நேரத்தோடு சேரும் பையன் வருஷத்துக்கு எழுநூறு சொச்சம் பறந்தாலும் 1500ஐத் தொட ரெண்டு வருஷம் ஆகும். பிறகு கேப்டன் பரீட்சை, காலியிடம், பயிற்சி. அதற்குள் மானியம் முடிகிறது.

அப்படியே கேப்டன் ஆகிவிட்டால்? அங்கேதான் ஏணி தலைகீழாகிறது. நம் நாட்டில் பெரிய கம்பெனிகள் தயாரான கேப்டனை நேரடியாக எடுக்கின்றன. ஆகவே பயிற்சி கொடுத்த சின்ன கம்பெனிதான் காலியாகிறது. இந்த இழுபறிக்காகவே டிஜிசிஏ 2005ல் பைலட்டுக்கு ஆறு மாச நோட்டீஸ் கொண்டுவந்தது, 2017ல் கேப்டனுக்கு அதை ஒரு வருஷமாக்கியது. ஒரு பைலட்டைத் தயார் செய்ய எட்டு ஒன்பது மாசம் ஆகும் என்பது அவர்கள் நியாயம். 2023ல் ஆகாசா ஏரிலிருந்து 43 பைலட்கள் நோட்டீஸ் முடிக்காமல் கிளம்ப, கம்பெனி நீதிமன்றத்துக்கு ஓடியது. மூணு மாச நோட்டீஸுக்கே புலம்புகிற நாங்கள் இதைப் படித்து அமைதியாகிவிட வேண்டும்.

சித்தப்பா மகனிடம் போனில் இவ்வளவையும் சொல்லவில்லை. கன்சல்டன்ட் சொன்னதில் கேப்டனுக்கு நடப்பதை 200 மணி நேரக்காரனுக்கு நடப்பதாகச் சொல்லியிருக்கிறார் என்றேன். கூட்டிக் கொண்டு போவது கேப்டனைத்தான், புதுப் பையனை இல்லை. லைசென்ஸுக்கு ஐம்பது லட்சத்துக்குக் குறையாது, அதற்கு மேல் ரேட்டிங், அதற்கு மேல் வேலை கிடைக்கும்வரை காத்திருக்கிற காலத்துக்கு வட்டி. கிங்ஃபிஷர் 2012லும் ஜெட் ஏர்வேஸ் 2019லும் நின்றபோது, ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களே அதே வரிசையில் வந்து நின்றார்கள். அந்த மாதிரி ஒரு வருஷத்தில் பையன் வெளியே வந்தால் அவன் தப்பு எதுவும் இல்லாமலே ரெண்டு மூணு வருஷம் போகும்.

"அப்ப வேணாங்கிறியாண்ணே?"

வேண்டாம் என்று சொல்லவில்லை. ரேபரேலி பக்கம் ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசின் இந்திரா காந்தி உரான் அகாடமி இருக்கிறது, நுழைவுத் தேர்வு எழுதட்டும். பெரிய கம்பெனிகளின் கேடட் திட்டம் செலவு கூடுதல், ஆனால் எந்த விமானத்துக்குத் தயாராகிறோம் என்பது ஆரம்பத்திலேயே தெரியும். எல்லாவற்றுக்கும் முன்னால் மெடிக்கல். முதலில் கிளாஸ் 2, பிறகு கிளாஸ் 1. கண்ணோ காதோ இதயமோ ஒத்துவராவிட்டால் கட்டிய ஃபீஸ் திரும்பாது. ஆகவே மெடிக்கல் கையில் வரும்வரை யாருக்கும் ஒரு ரூபாய் அட்வான்ஸ் தரக்கூடாது என்பதை மட்டும் ரெண்டு தடவை சொன்னேன்.

பையன் கிளாஸ் 2க்கு நாள் வாங்கிவிட்டான். கன்சல்டன்ட் ரெண்டு தடவை போன் செய்தாராம், இந்த வாரத்துக்குள் கட்டினால் ஃபீஸில் தள்ளுபடியாம். வயல் பத்திரம் இப்போதைக்கு பீரோவில்தான் இருக்கிறது.