சீதனம்: ஒரு சொல்லும் ஒரு தீர்ப்பும்

'ஸ்திரீதனம்' என்னும் வடசொல்லே தமிழில் 'சீதனம்' என வழங்கலாயிற்று. பெண்ணின் தனியுரிமையைக் குறித்த அச்சொல், இன்று மணமகன் வீட்டார் பெறும் பொருளைச் சுட்டுகிறது. இப்பொருள்திரிபின் நிழல் சட்ட வரலாற்றிலும் உண்டு.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், 27ஆம் பிரிவில், மணத்தையொட்டிக் கிடைத்து இருவருக்கும் பொதுவான பொருள்களைப் பற்றியே பேசுகிறது. ஆயினும் மணவீட்டில் மனைவியின் சீதனமும் இருவரின் கூட்டுக் கைவசத்தில் இருப்பதால், தனி உடன்பாடு இல்லாதவிடத்து நம்பிக்கை மோசடிக் குற்றம் எழாது என்று 1982இல் பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்ற முழு அமர்வு கருதியது.

1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், பெரும்பான்மைத் தீர்ப்பால், அதை மறுத்தது: சீதனத்தில் மனைவிக்கே முழு உரிமை; கணவன் காப்பாளன் மட்டுமே; கேட்டபோது திருப்பித் தரவேண்டும்.

மணமுறிவுக்குப் பின் அதைக் கேட்பவள் பங்கு கோரவில்லை, தன்னுடையதையே மீட்கிறாள்.