தங்கவயலின் கல்தூசியும் விழுங்கணுக்களும்

கோலார் தங்கவயலின் வரலாறு பெரும்பாலும் எடுத்த பொன்னின் அளவாலும் தோண்டிய குழிகளின் ஆழத்தாலுமே எழுதப்பட்டுள்ளது. அங்கு உழைத்தோரின் நுரையீரலுக்குள் நடந்ததோ, விலங்கினங்களின் நோயெதிர்ப்பு அமைப்பு உருவான நெடுங்கதையோடு சேர்த்துப் பார்த்தாலன்றி விளங்காதது. 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் லண்டன் நிறுவனம் இங்கு கால்வைத்தபின், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகுதியாக வந்து, நிறுவனம் எழுப்பிய 'லைன்' வீடுகளில் குடியமர்ந்தனர். அவர்கள் துளையிட்டதும் வெடிவைத்துத் தகர்த்ததும் பொன்னைத் தன்னுள் அடக்கிய குவார்ட்ஸ் பாறை. அதன் பெரும்பகுதி சிலிக்கா.

சுரங்கம் வேரூன்றத் தொடங்கிய அதே காலத்தில், 1882-இல், இத்தாலியின் மெசினா நகரில் ருஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகோவ் நட்சத்திர மீனின் ஒளி ஊடுருவும் இளவுயிரிக்குள் முள் ஒன்றைச் செருகி, மறுநாள் அதைச் சுற்றி நகரும் அணுக்கள் மொய்த்திருக்கக் கண்டார். அந்நியப் பொருளை விழுங்கிச் செரிக்கும் இவற்றையே விழுங்கணுக்கள் என்கிறோம். அமீபா இரைக்காகச் செய்யும் அதே செயலைப் பலசெல் விலங்குகள் காவலுக்குத் திருப்பிக்கொண்டன என்பது அவருடைய கருத்து. குடலே இல்லாத கடற்பஞ்சிலும் இத்தகைய அணுக்கள் உள்ளன. விழுங்கணு ஆய்வுக்காக 1908-இல் ஜெர்மன் ஆய்வாளர் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மெச்னிகோவ், பிற்காலத்தில் குடல்வாழ் நுண்ணுயிர்களின் பக்கம் திரும்பிப் புளித்த பாலைப் போற்றினார்.

குடலின் கதை வேறு. ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன், தாடையுள்ள மீன்களின் மூதாதையரிடம், முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைக்கும் தகவமை எதிர்ப்பு தோன்றியது. குடலில் நிலையாகக் குடியிருக்கும் எண்ணற்ற நுண்ணுயிர்க் கூட்டத்தை அடையாளம் கண்டு பேணும் தேவையே இந்த நினைவாற்றலை வளர்த்திருக்கலாம் என 2007-இல் உயிரியலாளர் மார்கரெட் மெக்ஃபால்-நை ஒரு கருதுகோளை முன்வைத்தார். அது முடிந்த முடிவன்று; ஆயினும் சளிப்படலமும் அதில் சுரக்கும் எதிர்ப்பொருள்களும் நுண்ணுயிர்களைக் கொல்லாமல் எல்லைக்குள் நிறுத்திவைப்பதைக் காணும்போது, எதிர்ப்பு என்பதில் பொறுத்தலும் அடங்கும் என்பது தெளிவாகிறது. உயிருள்ளவற்றோடு பழகி அமைந்த ஏற்பாடு இது.

கல்லோடு அதற்கு அப்படிப்பட்ட பழக்கம் இல்லை. காற்றில் அலைந்து தேய்ந்த பெருமணலை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். துளைப்பானும் வெடியும் அப்போதே உடைத்தெடுத்த, கூர்முனை மழுங்காத நுண்துகளோ நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்றுவிடும். அங்கே காவல் நிற்கும் பெருவிழுங்கணு அதைக் கிருமியாகவே நடத்தி விழுங்குகிறது. செரிப்பதற்கான நொதிகளை அடக்கிய பை அத்துகளால் கிழிபட, அணு சாகிறது. துகள் மட்டும் அழிவின்றி வெளிவர, அடுத்த அணு அதை விழுங்குகிறது. சாகும் அணுக்கள் விடுக்கும் அழற்சிச் சைகைகளால் நாரிழைத் தழும்புகள் பெருகி நுரையீரல் இறுகும் இந்நோயே சிலிக்கோசிஸ். வலுவிழந்த விழுங்கணுக்களால் காசநோய்க் கிருமியையும் அடக்க முடியாமற்போவதால் இரு நோய்களும் அடிக்கடி சேர்ந்தே வருகின்றன. நோயுற்றவனின் உடல் நோஞ்சலாக இருந்தது என்று சொல்வதற்கு இதில் இடமே இல்லை. பழுதற்ற காவல்தான் அவனைக் கெடுத்தது.

தங்கவயலில் 1940-களில் ஆயிரக்கணக்கான தொழிலாளரைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் இந்நோய் காணப்பட்டது. தண்ணீர் பாய்ச்சித் துளையிடுவதும் காற்றோட்டத்தைப் பெருக்குவதும் தூசியைக் குறைக்கும். ஏற்கெனவே படிந்துவிட்ட துகளை அவை வெளியேற்றா. 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. தூசியைச் சுவாசிப்பது நின்ற பின்னும் சிலிக்கோசிஸ் முற்றிக்கொண்டே போகக்கூடியது என்பதால், பலருடைய உடலில் தூசியின் வேலை அன்றோடு முடிந்துவிடவில்லை. சயனைடு கொண்டு பொன்னைப் பிரித்தபின் கொட்டிய அரைத்த பாறை, சயனைடு மேடுகளாக, ஊரின் நடுவே இன்றும் நிற்கிறது. காற்று வீசும் நாட்களில் அதன் தூள் லைன் வீடுகள் மீது பறக்கிறது.