இரண்டு சிறிய ஆளிகளின் வரலாறு

2025 ஜூன் 12ஆம் திகதி அஹமதாபாத்தில் எயார் இந்தியாவின் போயிங் 787 விமானம் விழுந்து 260 பேர் உயிரிழந்தனர். அன்று மாலையே முகநூலில் தீர்ப்பு வந்துவிட்டது. சிலர் விமானியைக் குற்றவாளியாக்கினோம், சிலர் கம்பனியை. பிறகு வந்த முதற்கட்ட அறிக்கை, எமது விஞ்ஞானப் பாடநூல் 'ஆளி' என்று சொல்லும் இரண்டு சிறிய சுவிட்சுகளைப் பேசுபொருளாக்கியது. அவற்றின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே வயிறு தட்டிக் கிடந்தன. இறக்கைத் தட்டுகளை மடக்க நினைத்த விமானிகள் சக்கரங்களை மடக்கியிருந்தார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் ஆராய்ந்தபோது, இரண்டு ஆளிகளும் ஒரே தோற்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் கண்டார். சக்கரத்துக்கு உருண்டையான பிடி, இறக்கைத் தட்டுக்கு ஆப்பு வடிவப் பிடி. கை தொட்டவுடன் வித்தியாசம் தெரியும். இன்றைய பயணிகள் விமானங்களிலும் இந்த ஏற்பாடு உண்டு.

1987 ஜூன் 30. லொஸ் ஏஞ்சலிஸிலிருந்து புறப்பட்ட டெல்டா நிறுவனத்தின் போயிங் 767. எஞ்சினின் இலத்திரனியல் கட்டுப்பாட்டை நிறுத்தப் போன விமானியின் கை, எரிபொருளை நிறுத்தும் சுவிட்சுகளுக்குப் போனது. இரண்டு எஞ்சின்களும் நின்றன. கடலுக்கு மேல் சுமார் 600 அடி வரை இறங்கிய பின்பே எஞ்சின்கள் மீண்டும் இயங்கின. எல்லோரும் தப்பினர்.

787இன் எரிபொருள் சுவிட்சை கை பட்டவுடன் தள்ள முடியாது. ஸ்பிரிங்குக்கு எதிராக மேலே இழுத்துத்தான் நகர்த்த வேண்டும். இரு பக்கமும் உலோகத் தடுப்பும் உண்டு. ஆனால் 2018 டிசம்பரில் அமெரிக்காவின் எப்.ஏ.ஏ. ஓர் அறிவித்தல் விடுத்தது. சில 737 விமானங்களில் இந்தப் பூட்டு வேலை செய்யாத நிலையில் சுவிட்ச் பொருத்தப்பட்டிருந்தது. இதே வடிவமைப்புள்ள மற்ற மாதிரிகளையும் பரிசோதியுங்கள் என்றது. அது கட்டாய உத்தரவு அல்ல, பரிந்துரை மட்டுமே. எயார் இந்தியா அந்தப் பரிசோதனையைச் செய்யவில்லை என்று முதற்கட்ட அறிக்கை சொல்கிறது.

அதே அறிக்கையின்படி, புறப்பட்ட சில வினாடிகளில் இரண்டு சுவிட்சுகளும் ஒரு வினாடி இடைவெளியில் 'நிறுத்தம்' நிலைக்கு மாறின. ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்க, நான் நிறுத்தவில்லை என்று மற்றவர் சொன்னார். சுமார் 10 வினாடிகளில் சுவிட்சுகள் பழைய நிலைக்கு வந்தன. உயரம் போதவில்லை. ஏன் மாறின என்பதை அறிக்கை சொல்லவில்லை. பூட்டுத்தான் பழுதானது என்றும் சொல்லவில்லை.

ஆகவே இறந்துபோன விமானிகள் மீது நாமாகப் பழி போட வேண்டாம். பதில் சொல்ல அவர்கள் இல்லை, அவர்களின் குடும்பங்கள் இருக்கின்றன. சபானிஸும் விமானிகளைத் திட்டியிருந்தால் அந்தப் பிடிகள் மாறியிருக்காது. கட்டாயமில்லை என்று ஒதுக்கிவைத்த பரிந்துரைகள் எமது பாடசாலையிலும் வீட்டிலும் எத்தனை? அவற்றை ஒருமுறை எடுத்துப் பார்ப்போம்.