ஒரு பள்ளி பஸ்ஸுக்காகப் போட்ட மனு

அமெரிக்கப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் பிரவுன் வழக்கில் தீர்ப்பு வந்தது. இது பலருக்கும் தெரிஞ்ச சங்கதி. அதில் சேர்த்து விசாரிக்கப்பட்ட ஐந்து வழக்குகளில் ஒன்று, ஒரு ஓட்டை பஸ்ஸில் ஆரம்பிச்சது என்பது அவ்வளவாகத் தெரியாது.

தென் கரோலினாவின் கிளாரெண்டன் கவுண்டி பருத்தி விளையும் பகுதி. மக்களில் பெரும்பான்மை கறுப்பினத்தவர். 1940-களில் அங்கே வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பள்ளி பஸ்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூடக் கிடையாது. சில பிள்ளைகள் ஒரு வழிக்கே 9 மைல் நடந்தாங்க. பெற்றோர் காசு சேர்த்து ஒரு பழைய பஸ் வாங்கினார்கள். அது அடிக்கடி வழியில் நின்னுடும். பெட்ரோலும் ரிப்பேரும் கட்டுப்படியாகவில்லை.

போதகரும் ஆசிரியருமான ஜோசப் டிலேன் பள்ளி நிர்வாகத்திடம் போய் உதவி கேட்டார். கறுப்பர்கள் கட்டும் வரி குறைவு, அந்தச் செலவை வெள்ளைக்காரர்கள் சுமக்க முடியாது என்று கைவிரிச்சுட்டாங்க.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். இவர்கள் பிரிவினையை எதிர்க்கவே இல்லை. தங்கள் தனிப் பள்ளிக்குப் போய்வரத்தான் பஸ் கேட்டார்கள். பிரித்து வைக்கலாம், ஆனால் வசதி சமமாக இருக்கணும் என்று 1896-ல் பிளெஸ்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதற்கு உட்பட்ட கோரிக்கைதான் இது.

1947-ல் லீவாய் பியர்சன் என்ற விவசாயி மனு கொடுத்தார். அடுத்த ஆண்டு அது வழக்கானது, உடனே தள்ளுபடியும் ஆனது. காரணம், அவர் நிலம் பள்ளி வட்டங்களின் எல்லைக்கோட்டில் இருந்தது. வரி கட்டுவது ஒரு வட்டத்தில், பிள்ளைகள் படிப்பது இன்னொன்றில். கேட்டதற்குத் தண்டனையாகக் கடன் கொடுப்பதை நிறுத்தினாங்க. அறுவடை இயந்திரம் கிடைக்காமல் விளைச்சல் வயலிலேயே வீணானது.

1949-ல் மறுபடி ஒரு மனு. இந்தத் தடவை ஒரு ஆள் இல்லை, 107 பெயர்கள். கோரிக்கையும் வளர்ந்திருந்தது: கட்டடம், ஆசிரியர், பஸ் எல்லாமே சமமாக வேணும். முதல் பெயர் ஹாரி பிரிக்ஸ், முன்னாள் கடற்படை வீரர். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பெட்ரோல் பங்க் வேலை போச்சு. மனைவி எலைசாவின் விடுதி வேலையும் பறிபோனது. 1951-ல் டிலேன் வீடு எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். வீடு நகர எல்லைக்கு வெளியே இருக்கு என்று சொல்லி நின்னு பார்த்தார்கள். மறுபடியும் எல்லைக்கோடு!

சமத்துவம் கேட்பதை விட்டு, பிரிவினையையே எதிர்த்து வழக்குப் போடும்படி நீதிபதி வாரிங் வழக்கறிஞர் தர்குட் மார்ஷலைத் தூண்டினார். 1951-ல் மூன்று நீதிபதிகள் முன் நடந்த விசாரணையில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. அந்த ஒருவர் வாரிங்தான். பிரிவினையே சமமின்மை என்று அவர் எழுதிய மாறுபட்ட கருத்தின் திசையில்தான் 1954 தீர்ப்பு வந்தது.

டிலேன், பியர்சன், பிரிக்ஸ் தம்பதி நால்வருக்கும் தங்கப் பதக்கம் வழங்க 2003-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அப்போது நால்வருமே உயிரோடு இல்லை.

ஒரு பஸ்ஸைக் கொடுத்திருந்தால் விஷயம் அங்கேயே முடிஞ்சிருக்கலாம். அந்தச் சின்ன மனுவுக்கும் இடமில்லை என்று ஆனபோதுதான், இந்த ஏற்பாட்டுக்குள் சமம் என்பது வரவே வராது என்று அந்த ஜனங்களுக்குப் பிடிபட்டது.