வனம் என்ற பெயர்

வனம் பார்க்கத் திண்டிவனம் போகிறவன் ஊர்ப்பெயரிலேயே நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. திந்திரிணி என்றால் சம்ஸ்கிருதத்தில் புளி. திந்திரிணிவனம் திண்டிவனமாயிற்று என்பது வழங்கிவரும் விளக்கம். இதைச் சொன்ன கையோடு, அழிந்துபோன ஆதிக்காட்டுக்காகப் புலம்புவது நம் கட்டுரைகளில் ஒரு சம்பிரதாயம். எனக்கு அதில் சம்மதமில்லை. புளியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்கிறார்கள் தாவரவியலாளர்கள். அப்படியானால் இந்தப் பெயர் குறித்துவைத்திருப்பது மனிதன் தொடாத காட்டை அல்ல. அவன் கைப்பழக்கத்தில் பெருகிய மரத்தை.

மனிதன் தொடாத காடுதான் வேண்டுமென்றால் சங்கராபரணி ஆற்றையொட்டிய திருவக்கரைக்குப் போகவேண்டும். செம்மண் மேட்டில் கல்லாகிவிட்ட மரங்கள் கிடக்கின்றன. வயது சுமார் 2 கோடி ஆண்டு. பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னெரா 1781இல் இவற்றைப் பதிவு செய்தார். மரப்பொருள் போன இடத்தில் சிலிக்கா ஏறியிருக்கிறது. நாரின் ஓட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. வேர் இல்லை, கிளை இல்லை, இலை இல்லை. எல்லாம் படுத்துக் கிடக்கும் அடிமரங்கள். நின்ற இடத்தில் கல்லானவை அல்ல, வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்தவை என்பதற்கு இதுவே சாட்சி. இந்த வட்டாரத்தில் முதன்முதலாக மரம் கொண்டுவந்து அடுக்கியது ஆறுதான்.

வெட்டின சரித்திரம் வேறு. இங்கே கடலோரத்துக்கு உரியது உயரமில்லாத, வறட்சி தாங்கும் பசுமைக்காடு: வீரை, காயா, உலக்கைப்பாலை. தேக்கைப்போல் நெடும்பலகைக்கு ஆகாது, விறகுக்கு ஆகும். 1856இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. அதே 1856இல்தான் கிளெக்ஹார்ன் சென்னை ராஜதானியின் வனக் காப்பாளரானார். காட்டைத் தின்னும் யந்திரமும் காட்டைக் கணக்கெடுக்கும் உத்தியோகமும் ஒரே வருஷத்தில் வந்தன. எஞ்சினுக்கு விறகு வேண்டிக் கடற்கரை மணலில் சவுக்கு நட்டார்கள். நீராவி எஞ்சின் போய்விட்டது. சவுக்குத் தோப்பு போகவில்லை. இன்று அது சாரம் கட்டவும் காகித ஆலைக்கும் போகிறது. அதுவும் வெளியிலிருந்து வந்த மரம்தான்.

பழைய காட்டின் துண்டு ஒன்று மரக்காணம் வழியில், கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றி மிஞ்சியிருக்கிறது. 1882இன் வனச் சட்டத்துக்கு முன்பே அதற்குக் காவல் இருந்தது: சாமியின் மரத்தில் கத்தி வைக்கக்கூடாது என்ற பயம். அந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு இந்தக் காட்டின் சரித்திரத்தை எழுத முடியாது.

கடைசியாக மரவாடி. தமிழ்நாட்டு அறுவை மில்களில் 'மலேசியா சால்' என்று ஒரு மரம் அறுபடுகிறது. குங்கிலியக் குடும்பம். திருவக்கரை மரங்களைச் சேர்ந்த பாறை அடுக்கில் கல்லாகியிருப்பவற்றில் இதே குடும்பத்து மரங்களும் உண்டு. இந்த மண்ணில் 2 கோடி வருஷத்துக்கு முன் புதைந்ததன் உறவு, இன்று கப்பலில் வந்து வாசல்நிலையாகிறது. அந்தத் தூசியில் நின்று வேலை செய்கிறவனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் கவிதைகளில் வனம் என்ற சொல் மிகச் சுலபமாக வந்துவிழுகிறது. புளியா, வீரையா, சவுக்கா, கல்லா என்று அதை யாரும் கேட்பதில்லை. கேட்காதவரை அது ஊர்ப்பெயரில் இருக்கும் வனத்துக்கு மேல் ஒன்றுமில்லை.